கடைசி பாட்டு மட்டும் எப்பவும் பழைய பாட்டு: சஃபோகேஷன் முப்பது வருஷமா பண்ற ரிப்பேர்

சஃபோகேஷன் ஒரு அமெரிக்க டெத் மெட்டல் பேண்ட், அதாவது கனமான கிட்டார், படுவேகமான ட்ரம்ஸ், உறுமல் குரல்னு போற வகை. அவங்களோட 'ஹிம்ஸ் ஃப்ரம் தி அபாக்ரிஃபா' ஆல்பம் 2023 நவம்பர் 3 அன்னிக்கு நியூக்ளியர் ப்ளாஸ்ட்ங்கற இசை நிறுவனத்துல (லேபிள்) வந்துச்சு. மொத்தம் 9 பாட்டு, அதுல 8 புதுசு, ஒன்பதாவது மட்டும் முப்பது வருஷம் பழசு. 'இக்னரன்ட் டெப்ரிவேஷன்'னு பேரு, 1993-ல இதே பேண்ட் ஏற்கனவே ரெக்கார்ட் பண்ணி வெளியிட்ட பாட்டுதான். மத்த பாட்டெல்லாம் பாடுறது புது ஆளு ரிக்கி மையர்ஸ், ஆனா இந்த கடைசி பாட்டுல மட்டும் பேண்டை விட்டு ரிடையர் ஆன ஃப்ராங்க் மல்லன் வந்து பாடிட்டுப் போறாரு. சரி ஏதோ ரசிகர்களுக்கு ஒரு பரிசுன்னு நினைச்சு இதை தாண்டிப் போயிடலாம்தான், ஆனா எனக்கென்னவோ இந்த ஆல்பத்தை புரிஞ்சுக்கணும்னா பின்னாடி இருந்து, இந்த ஒன்பதாவது பாட்டுல இருந்துதான் ஆரம்பிக்கணும்னு தோணுது. ஏன்னா இது முதல் தடவை இல்ல, இப்படி ஒரு பழைய பாட்டை திரும்ப ரெக்கார்ட் பண்ணி ஆல்பத்தோட வால்ல வைக்கிறது இவங்க 1995-ல இருந்து பண்ணிட்டு வர்ற வேலை, அதுவும் எல்லாமே ஒரே ஒரு ஆல்பத்துல இருந்து எடுத்தது.

இந்த பேண்டை தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்ட்ல 1988-ல ஆரம்பிச்ச பேண்ட். 1991-ல ரிலாப்ஸ் லேபிள்ல 'ஹ்யூமன் வேஸ்ட்'னு ஒரு ஈபி (சின்ன ஆல்பம்), அதே வருஷம் ரோட்ரன்னர்ல 'எஃபிஜி ஆஃப் தி ஃபர்காட்டன்'னு முதல் முழு ஆல்பம். மல்லன் குரல், டெரன்ஸ் ஹாப்ஸும் டக் செரிட்டோவும் கிட்டார், ஜாஷ் பரோன் பேஸ், மைக் ஸ்மித் ட்ரம்ஸ். அப்ப டெத் மெட்டலுக்கு தலைநகரம்னா ஃப்ளோரிடா டாம்பாதான், அங்க மோரிசவுண்ட் ஸ்டுடியோவுல ஸ்காட் பர்ன்ஸ்னு ஒரு ப்ரொட்யூசர், டெத், ஒபிச்சுவரி, டீசைட், கேனிபல் கார்ப்ஸ்னு அந்தக் கால பெரிய பேண்டுகள்ல பாதி அவர் கையில போனதுதான். சஃபோகேஷனும் அங்க போய் அவர்கிட்டயே ரெக்கார்ட் பண்ணாங்க. அப்ப மான்ஸ்ட்ராசிட்டி பேண்ட்ல இருந்த, பின்னாடி கேனிபல் கார்ப்ஸுக்கு போன ஜார்ஜ் ஃபிஷர் அதுல ரெண்டு பாட்டுக்கு கூட சேர்ந்து கத்தியிருக்காரு, கவர் ஓவியம் டான் சீக்ரேவ். டெத் மெட்டல்ல கறுப்பின கலைஞர்கள் ரொம்ப கம்மியா இருந்த காலத்துல ஹாப்ஸும் ஸ்மித்தும் இந்த ஆல்பத்தோட முதுகெலும்பா இருந்தாங்கங்கறதையும் சொல்லணும், ஏன்னா இன்னிக்கு ப்ரூட்டல் டெத் மெட்டல்னு நாம சொல்ற வகையோட இலக்கணத்துல பெரும்பங்கு இவங்க ரெண்டு பேரோட கையெழுத்து.

இலக்கணம்னு ஏன் சொல்றேன்னா, 'ப்ரூட்டல்'ங்கற அடைமொழியை பாத்துட்டு வெறும் வேகமும் சத்தமும்தான்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. வேகம் அவங்களுக்கு முன்னாடியே இருந்துச்சு, க்ரைண்ட்கோர்ங்கற பக்கத்து வகை ஆளுங்க இதைவிட வேகமா வாசிச்சாங்க. சஃபோகேஷன் பண்ணது வேற: ஒரு பாட்டுக்குள்ள பத்து பதினஞ்சு ரிஃப் (கிட்டார்ல வர்ற சின்ன வாசிப்புத் துண்டு), பல்லவி சரணம் மாதிரி திரும்பி வர்ற அமைப்பு ரொம்ப கம்மி, ஒரு ரிஃப் இன்னொண்ணுக்குள்ள இடிச்சுக்கிட்டு நுழையும், ப்ளாஸ்ட் பீட்ங்கற இடைவெளியே இல்லாத படுவேக ட்ரம்ஸ் அடி ஓடிக்கிட்டே இருக்கும்போது திடீர்னு வேகம் பாதியா விழுந்து கனமான ஒரு பகுதி வரும். 'லீஜ் ஆஃப் இன்வெராசிட்டி' பாட்டு நடுவுல அப்படி ஒரு இடம் இருக்கு, கேட்டிருந்தா மறந்திருக்க மாட்டீங்க. அந்த இடத்தை மட்டும் எடுத்து நீட்டி ஒரு தனி வகையாவே ஆக்கினவங்கதான் ஸ்லாம் ஆளுங்க, அதே லாங் ஐலண்ட்ல இருந்து இன்டர்னல் ப்ளீடிங், டெக்சஸ்ல இருந்து டிவோர்மென்ட், அப்புறம் அது டெத் மெட்டலும் ஹார்ட்கோரும் கலந்த டெத்கோர் வரைக்கும் போச்சு. நியூயார்க்ல ஹார்ட்கோர்ங்கற பங்க் ராக் வகைக் கச்சேரிகள்ல கூட்டம் ஆடுறதுக்குன்னு இருந்த ப்ரேக்டவுனை டெத் மெட்டலுக்குள்ள கொண்டு வந்ததுதான் இதோட வேர். ஃப்ளோரிடா பேண்டுகள்கிட்ட அந்த கனம் வேற மாதிரி இருந்துச்சு, ஆடறதுக்கான அந்த தாளம் இவங்ககிட்டதான்.

இப்ப 1993-க்கு வருவோம். ரெண்டாவது ஆல்பம் 'ப்ரீடிங் தி ஸ்பான்'. பாட்டெழுதுற விஷயத்துல முதல் ஆல்பத்தை விட சிக்கலா, தைரியமா போன ஆல்பம் இது, நிறைய கிட்டார் ஆளுங்க இன்னிக்கும் இதைத்தான் உச்சம்னு சொல்லுவாங்க. ஆனா இந்த தடவை ஃப்ளோரிடா போய் ஸ்காட் பர்ன்ஸ்கிட்ட பண்றதுக்கு லேபிள்ல பட்ஜெட் கிடைக்கல, லாங் ஐலண்ட்லயே ஒரு ஸ்டுடியோவுல முடிச்சாங்க. ரிசல்ட் என்னன்னா, கிட்டார் சேறு மாதிரி கலங்கி, எந்த ரிஃப் எங்க முடியுது எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாத அளவுக்கு ஒரு சவுண்ட். இசை நல்லா இருக்குன்னு தெரியும், ஆனா அது ஒரு சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்கும். வேற வகை இசையா இருந்தா மோசமான ரெக்கார்டிங்கை ஒருமாதிரி சமாளிச்சுடலாம், சில ப்ளாக் மெட்டல் ஆல்பங்களுக்கு அந்த கரகரப்பே அழகு. ப்ரூட்டல் டெத் மெட்டலுக்கு அந்த சலுகை கிடையாது. ஏன்னு கொஞ்சம் கணக்கு போட்டு பாத்தா சுவாரசியமா இருக்கும், பொறுமையா படிங்க.

கிட்டார்ல சாதாரணமா ட்யூன் பண்ணா அடி கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். இந்த வகையில கம்பியை இறக்கி ட்யூன் பண்ணுவாங்க, சி ஸ்வரம் வரைக்கும் இறக்கினா 65 ஹெர்ட்ஸ், பி ஸ்வரம் வரைக்கும் போனா 62. காலால அடிக்கற கிக் ட்ரம்மோட அடி அதிர்வும் ஏறக்குறைய 50-ல இருந்து 80 ஹெர்ட்ஸுக்குள்ளதான் வரும். பேஸ் கிட்டாரோட அடி கம்பி சாதாரண ட்யூனிங்லயே 41 ஹெர்ட்ஸ், அதோட மேல் ஸ்வரங்கள் மறுபடி இதே இடத்துலதான் விழும். இதுக்கு மேல பாடகரோட உறுமல், அதுவும் அடித்தொண்டைதான். ஒரே வாசல்ல நாலு பேர் ஒரே நேரத்துல நுழைய பாத்தா என்ன ஆகும், அதுதான் இங்கயும் ஆகுது, ஒண்ணோட சத்தம் இன்னொண்ணை மூடிடும், மிக்ஸ் பண்றவங்க இதை மாஸ்கிங்னு சொல்லுவாங்க.

இதோட வேகத்தையும் சேர்த்து பாருங்க. நிமிஷத்துக்கு 240 பீட்டுன்னு வெச்சுக்கங்க, ஒரு பீட்டுக்கு நாலு நோட்டுன்னா வினாடிக்கு 16 நோட்டு, அதாவது ஒரு நோட்டுக்கு கிடைக்கிற நேரம் 62.5 மில்லி செகண்ட். 62 ஹெர்ட்ஸ்ல ஒரு அதிர்வு முழுசா ஒரு சுத்து சுத்தவே 16 மில்லி செகண்ட் ஆகும். அப்படின்னா ஒரு நோட்டுக்குள்ள அந்த கம்பி நாலு தடவை கூட முழுசா ஆடி முடிக்கல, அதுக்குள்ள அடுத்த நோட்டு வந்துடுது! நம்ம காதுக்கு இது என்ன ஸ்வரம்னு அந்த அடி அதிர்வை மட்டும் வெச்சு தெளிவா சொல்ல நேரமே இல்ல. அப்ப எப்படி கேட்குதுன்னா, மேல இருக்கற ஹார்மோனிக்ஸ் மூலமாத்தான். கிட்டார் சத்தத்தை கரகரன்னு ஆக்கற டிஸ்டார்ஷன் பண்ற வேலையே அதுதான், 62-க்கு மேல 124, 186, 248னு அடுக்கடுக்கா அதிர்வுகளை தூக்கி விடுது, காது அதை வெச்சு அடியில என்ன இருக்குன்னு தானா ஊகிச்சுக்குது. போன் ஸ்பீக்கர்ல அடி சத்தமே வராதுன்னு தெரிஞ்சும் அதுல ரிஃப் புரியறது இந்த ஊகத்தாலதான். கிக் ட்ரம்முக்கும் இதே கதை, 'டம்'முங்கற அடி சத்தம் இந்த வேகத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஒரு நீண்ட இரைச்சலா ஆயிடும், அதனால கிக் ட்ரம்மை அடிக்கற சுத்தி தோல்ல படற அந்த 'டக்' சத்தத்தை, ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ்ல இருக்கறதை, வேணும்னே தூக்கி வைப்பாங்க. இந்த டைப்ரைட்டர் மாதிரி கிக் சவுண்டை கிண்டல் பண்றவங்க நிறைய, ஆனா அது இல்லாம இந்த இசை நிக்காது.

ஆக மேல் அடுக்கு தெளிவா இல்லாத ஒரு ரெக்கார்டிங்ல, ஒரு பாட்டுல பதினஞ்சு ரிஃப் எழுதினாலும் கேட்கறவனுக்கு மூணு ரிஃப்தான் போய் சேரும். 'ப்ரீடிங் தி ஸ்பான்'ல நடந்தது அதேதான். மத்த இசையில ப்ரொடக்‌ஷன்னா மேக்கப், இதுல அது எலும்பு. இதுதான் நான் இந்தக் கட்டுரையில சொல்ல வந்ததே, மத்ததெல்லாம் இதோட விளைவு.

பேண்டுக்கும் இது உறுத்தியிருக்கணும், ஏன்னா அடுத்த ஆல்பத்துலயே வேலையை ஆரம்பிச்சுட்டாங்க. 1995-ல 'பியர்ஸ்ட் ஃப்ரம் விதின்', மறுபடி ஸ்காட் பர்ன்ஸ், அந்த ஆல்பத்தோட கடைசி பாட்டு 'ப்ரீடிங் தி ஸ்பான்' டைட்டில் பாட்டோட புது ரெக்கார்டிங். அதுக்கப்புறம் 1998-ல 'டிஸ்பைஸ் தி சன்' ஈபி, பேண்ட் கலைஞ்சு போச்சு, சில வருஷம் கழிச்சு திரும்ப சேர்ந்து 2004-ல 'சோல்ஸ் டு டினை' வந்துச்சு, இந்த ரெண்டுலயும் 1993 ஆல்பத்து பாட்டு இல்ல. 2006-ல பேண்ட் பேர்லயே வந்த ஆல்பத்தோட கடைசியில 'ப்ரிலூட் டு ரிபல்ஷன்'. 2009 'ப்ளட் ஓத்'ல 'மேரிட்டல் டெசிமேஷன்'. 2013 'பினக்கிள் ஆஃப் பெட்லம்'ல 'பிகினிங் ஆஃப் சாரோ'. 2017 '...ஆஃப் தி டார்க் லைட்'ல 'எபிடாஃப் ஆஃப் தி கிரெடுலஸ்'. 2023-ல 'இக்னரன்ட் டெப்ரிவேஷன்'. எல்லாமே ஆல்பத்தோட கடைசி பாட்டு, எல்லாமே அந்த 1993 ஆல்பத்துல இருந்து. பழைய ஆல்பத்தை ரீமிக்ஸ் பண்ணிட்டா முடிஞ்சுச்சேன்னு கேட்கலாம், பொதுவா மாஸ்டர் டேப்ங்கற மூலப் பதிவு லேபிள் கையில இருக்கும், அதை தொட லேபிள் மனசு வைக்கணும், பாட்டை புதுசா வாசிச்சு ரெக்கார்ட் பண்றது அதைவிட சுலபம். அதுவும் தவிர கலங்கலா ரெக்கார்ட் ஆனதை எவ்வளவு மிக்ஸ் பண்ணாலும் ஓரளவுக்கு மேல தெளியாது.

இந்த ஆறு பாட்டையும் வரிசையா போட்டு கேளுங்க, ரெக்கார்டிங் டெக்னாலஜி இந்த வகையில எப்படி மாறுச்சுன்னு ஒரு பாடமே கிடைக்கும். ட்ரம்ஸ் ஆளு மட்டும் நாலு பேர்: 1995-ல டக் போன், 2006-லயும் 2009-லயும் ஒரிஜினலா வாசிச்ச மைக் ஸ்மித்தே திரும்ப வந்து, 2013-ல டேவ் கல்ராஸ், கடைசி ரெண்டுல எரிக் மொராட்டி. 1995-ல ட்ரம் சத்தத்துல இன்னும் ஒரு ரூம் இருக்கும், காத்து இருக்கும். 2013-க்கு வரும்போது ஒவ்வொரு அடியும் செதுக்கி வெச்ச மாதிரி ஒரே அளவுல வரும், துல்லியம் கூடிடுச்சு, கூடவே ஏதோ ஒண்ணு குறைஞ்சும் போச்சுன்னு சொல்றவங்களோட நானும் பாதி ஒத்துப்போவேன். கிட்டார்ல செரிட்டோ போயிட்டாரு, கய் மார்ஷே வந்து போனாரு, இப்ப சார்லி எரிகோ. ஆறு ரெக்கார்டிங்லயும் மாறாம இருக்கறது ரெண்டே பேர், ஹாப்ஸோட கிட்டாரும் மல்லனோட குரலும். மல்லன் பேண்ட்லயே இல்லாத 2023-லயும்!

இப்ப புரியும், அவரை ஏன் இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் திரும்ப கூப்பிட்டாங்கன்னு. 2018-ல மல்லன் ஒரு பிரியாவிடை டூர் போனாரு, அதோட பதிவு 2021-ல 'லைவ் இன் நார்த் அமெரிக்கா'ன்னு லைவ் ஆல்பமா வந்துச்சு. ப்ளாஸ்ட் பீட் வரும்போது கையை நேரா வெச்சு காத்தை வெட்டற மாதிரி தாளம் போடுவாரு, அதை பாத்துட்டு முன்வரிசை மொத்தமும் வெட்டும், அந்த டூருக்கு பேரே அதை வெச்சுத்தான் வெச்சாங்க. அவர் குரலோட விசேஷம் என்னன்னா, அவ்வளவு ஆழத்துல உறுமும்போதும் வார்த்தை ஓரளவு காதுல விழும். இந்த வகையில அது ரொம்ப அபூர்வம்ங்க.

உறுமல் எப்படி வருதுன்னும் ஒரு வார்த்தை. நம்ம குரல் நாணுக்கு கொஞ்சம் மேல ஃபால்ஸ் கார்ட்னு ரெண்டு மடிப்பு இருக்கு, சாதாரணமா பேசும்போது அதுக்கு வேலை இல்ல. அதை நெருக்கி காத்தை விட்டா கனமா, கொழகொழன்னு ஆடும், அது ஆடுற வேகம் குரல் நாணை விட கம்மிங்கறதால சத்தம் நிஜமான குரலுக்கு கீழ இறங்கின மாதிரி கேட்கும். திபெத்திய பிக்குகள் ஓதுறதுலயும், ரஷ்யாவுல இருக்கற தூவா பகுதியோட கார்கிராங்கற தொண்டைப் பாட்டுலயும் இதே மடிப்பைத்தான் பயன்படுத்தறாங்க. வாயையும் தொண்டையையும் குகை மாதிரி திறந்து வெச்சா இன்னும் ஆழம் கூடும், ஆனா அப்ப நாக்குக்கும் உதட்டுக்கும் வேலை பண்ண இடம் கம்மி, மெய்யெழுத்தெல்லாம் கரைஞ்சுடும். ஆழம் வேணுமா வார்த்தை வேணுமா, ஒவ்வொரு பாடகரும் எங்கயோ ஒரு இடத்துல கோடு போட்டுக்கணும். மல்லன் வார்த்தை பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சவரு. மையர்ஸ் ஆழம் பக்கம்.

ரிக்கி மையர்ஸ் யாருன்னா, கலிஃபோர்னியாவோட டிஸ்கார்ஜ் பேண்டோட ட்ரம்மர். இந்த வகையில இன்னும் கரடுமுரடான, இரக்கமே இல்லாத ஒரு பேண்ட் அது. மல்லன் டூர் வர முடியாத சமயத்துல சஃபோகேஷனுக்கு மேடையில நின்னு பாடினவர்ல இவரும் ஒருத்தர், அதனால ரசிகர்களுக்கு புதுமுகம் இல்ல, ஆல்பத்துக்குத்தான் புதுசு. ட்ரம்மர் பாட வந்தா என்ன ஆகும்ங்கறதை இந்த ஆல்பத்துல நல்லா கேட்கலாம்: அவர் வார்த்தையை ரிஃப் மேல நீட்டி விடறதில்ல, ஸ்னேர் ட்ரம் அடி விழற இடத்துல குத்தி குத்தி வைக்கிறாரு. டைட்டில் பாட்டு, 'பெர்பெச்சுவல் டிசெப்ஷன்', 'செராஃபிம் என்ஸ்லேவ்மென்ட்' மூணையும் குரலை மட்டும் கவனிச்சு ஒருதடவை கேளுங்க, அது ட்ரம்ஸ் கிட்ல இன்னொரு ட்ரம் மாதிரிதான் வேலை செய்யுது. எனக்கு இது புடிச்சுது, ஆனா இழப்பும் தெரியுது. மல்லன் ஒரு வரியை சொல்லி முடிக்கும்போது ஒரு மிரட்டல் இருக்கும், ஒரு ஆளு உங்க முன்னாடி நின்னு பேசற மாதிரி. மையர்ஸ்கிட்ட அந்த ஆளு இல்ல, ஒரு சக்தி மட்டும் இருக்கு.

இசை பக்கம் பாத்தா ஹாப்ஸ்தான் ராஜா, இப்பவும். எரிகோ, மொராட்டி ரெண்டு பேரும் இவரோட ரிஃபை கேட்டு வளர்ந்த தலைமுறைக்காரங்க, அவங்க கை ரொம்ப சுத்தம். பேஸ்ல டெரெக் பாயர் 2004-ல இருந்து இருக்காரு, மேடையில பேஸை செங்குத்தா நிமிர்த்தி வெச்சு வாசிக்கிறவரு, கிட்டாருக்கு கீழ ஒளியாம தனியா ஓடறது நல்லா கேட்குது, மேல சொன்ன அந்த வாசல் நெரிசல்ல அவருக்குன்னு இடம் ஒதுக்கி மிக்ஸ் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். 2017 ஆல்பத்தோட ஒப்பிட்டா ரிஃபுக்கு நடுவுல மூச்சு விட கொஞ்சம் இடம் கூடியிருக்கு, கனமான பகுதிகள் இன்னும் கனமா விழுது. குறைன்னு சொன்னா, நடுவுல 'டிசெண்டண்ட்ஸ்', 'எம்ப்ரேஸ் தி சஃபரிங்' பக்கம் வரும்போது வேகம் ஒரே மட்டத்துல போய் காது கொஞ்சம் மரத்துப் போகுது. ஆல்பம் நீளம் கம்மிங்கறதால தப்பிச்சுது.

பாடல் வரி பத்தி நிறைய சொல்ல ஒண்ணும் இல்ல. ப்ரூட்டல் டெத் மெட்டல்னாலே ரத்தம், பிணம்னு ஒரு பேர் இருக்கு, கேனிபல் கார்ப்ஸ் அவங்களோட முதல் மூணு ஆல்பத்து பாட்டுகளை ஜெர்மனியில மேடையில வாசிக்க 2006 வரைக்கும் தடை இருந்துச்சு. சஃபோகேஷன் அந்தப் பக்கம் அதிகம் போனதில்ல, மனுஷன் தன்னைத்தானே ஏமாத்திக்கறது, மதம், சாவு, மூளை கலங்கறது, இப்படித்தான் ஓடும். இதுலயும் அதே. படிச்சா பரவாயில்ல, படிக்காட்டியும் நஷ்டம் இல்ல.

பழையபடி அந்த ஒன்பதாவது பாட்டு. 'இக்னரன்ட் டெப்ரிவேஷன்' 1993 ஆல்பத்துலயும் கடைசி பாட்டுதான். ரெண்டு ரெக்கார்டிங்கையும் அடுத்தடுத்து போடுங்க, நல்ல ஹெட்ஃபோன்ல, ரெண்டுக்கும் சத்தத்தை ஒரே அளவுக்கு கொண்டு வந்துட்டு. இது முக்கியம், புது ரெக்கார்டிங் இயல்பாவே சத்தமா இருக்கும், சத்தமா இருக்கறது எப்பவுமே நல்லா இருக்கற மாதிரி ஏமாத்தும். முதல்ல 2023, அப்புறம் 1993. இந்த வரிசையில கேட்டா ஒரு விஷயம் நடக்கும்: புதுசுல ரிஃப் எப்படி போகுதுன்னு மனசுல பதிஞ்சதுக்கப்புறம் பழசை கேட்டா, அந்த கலங்கலுக்குள்ள அது அப்படியே இருக்கறது தெரிய ஆரம்பிக்கும், 1993-லயே இந்த பசங்க இவ்வளவு நுணுக்கமாவா வாசிச்சாங்கன்னு ஆச்சரியமா இருக்கும். இருபது வயசை ஒட்டின பசங்க, சின்ன பட்ஜெட், யாரும் இதுக்கு முன்னாடி எழுதாத மாதிரி ரிஃப். பழசை கெட்ட ஆல்பம்னு ஒதுக்கி வெச்சவங்க இந்த வழியா திரும்ப உள்ள போகலாம்.

அந்த ஆல்பத்துல மொத்தம் 8 பாட்டு, 6 முடிஞ்சாச்சு. பாக்கி இருக்கறது 'அனாமலிஸ்டிக் ஆஃபரிங்ஸ்', 'ஆர்னமென்ட்ஸ் ஆஃப் டெக்ரெபன்சி' ரெண்டும்தான். இதுவரைக்கும் ஒரு ஆல்பத்துக்கு ஒண்ணுங்கற கணக்குல, ஆல்பத்துக்கு ஆல்பம் மூணு நாலு வருஷம், சிலசமயம் ஆறு வருஷம்னு எடுத்துக்கறவங்க. அந்த ரெண்டையும் மையர்ஸ் பாடுவாரா, இல்ல மல்லனை மறுபடி கூப்பிடுவாங்களா? எனக்கு கேட்டா 'அனாமலிஸ்டிக் ஆஃபரிங்ஸ்'ஸை மையர்ஸ்கிட்டயே குடுத்துடலாம்.